மாரீஸ்வரியின் எழுத்து, ஜெபஷீலா என்ற பெயரில்

கம்பத்தில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நான், எப்சிபா. பக்கத்து மேசையில் மாரீஸ்வரி. நான் வந்து பதினோரு வருஷம், அவள் வந்து ஏழு வருஷம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுடைய நல்லது கெட்டதெல்லாம் எங்கள் இரண்டு பேர் கையைத் தாண்டித்தான் போகும். மாரீஸ்வரியைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். அவள் எழுத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் யாரும் எழுதப் போவதில்லை. எனக்கு எழுத வராது, கோபம் மட்டும் நன்றாக வரும். அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவள் பிறந்தது சின்னமனூர். வாக்கப்பட்டது காமயகவுண்டன்பட்டி. புருஷன் சுருளிராஜனுக்குத் திராட்சைத் தோட்டம். மாமியார் கருத்தம்மாள், கல்லூரியில் படிக்கும் நாத்தனார் பவானி, முதல் வகுப்புப் படிக்கும் ஒரு மகள், இவ்வளவுதான் வீடு. காலையில் டவுன் பஸ்ஸில் வந்து சாயங்காலம் டவுன் பஸ்ஸில் போவாள். அதிர்ந்து பேச மாட்டாள். கஸ்டமர் ஆறாவது தடவை திருத்தம் சொன்னாலும் "சரிண்ணே" என்பாள். நான் மூன்றாவது தடவையிலேயே கத்திவிடுவேன் என்பதால் கஷ்டமான கஸ்டமர்களை எல்லாம் முதலாளி அவள் பக்கம் அனுப்புவார்.

அவள் கையெழுத்து அழகு என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிற அழகு அதில் கிடையாது. எழுத்தெல்லாம் வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். 'ன'வின் கடைசிக் கோடு நீண்டு பக்கத்து எழுத்தைத் தொட்டுவிடும். 'ழ' மட்டும் வரியை விட்டுக் கீழே இறங்கி நிற்கும். புள்ளியைப் புள்ளியாக வைக்க மாட்டாள், சின்னதாக ஒரு இழுப்பு. பார்த்தால் யாரோ நமக்குத் தெரிந்தவர், அவசரமாக, பிரியமாக நாலு வரி எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். அச்சில் எந்த எழுத்துக்கும் அது வராது.

நாலு வருஷத்துக்கு முன்னால் போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். மணமக்கள் பெயர் மட்டும் கையால் எழுதின மாதிரி இருக்க வேண்டும் என்றார். எங்களிடம் இருந்த ஃபாண்டை எல்லாம் காட்டினோம். ஒன்று சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது, ஒன்று பெயின்ட் கடை விளம்பரம் மாதிரி இருந்தது. கடைசியில் மாரீஸ்வரி ஒரு வெள்ளைத்தாளில் ஜெல் பேனாவால் இரண்டு பெயரையும் எழுதி, ஸ்கேன் பண்ணி வைத்தாள். வியாபாரி அதைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். பத்திரிகை ஊர் ஊராகப் போனது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

முதலாளி சுந்தர்ராஜ் அண்ணன் கணக்காக யோசிக்கிற மனுஷர். ஒவ்வொரு தடவையும் எழுதுவானேன், மொத்தமாக எழுதி ஃபாண்டாகவே பண்ணிவிடலாம் என்றார். தாளில் நூற்று முப்பது கட்டம் போட்டுக் கொடுத்தார். கட்டத்துக்கு ஒரு எழுத்து. கால் தனி, கொம்பு தனி. மாரீஸ்வரி பயபக்தியாக எழுதினாள். ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் முழுக்கப் பள்ளிக்கூடத்து எழுத்து. திரும்ப எழுதினாள். அதுவும் அப்படியே. கவனமாக எழுதினால் அவள் எழுத்து வராது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்த தடவை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் பேசினேன். அவள் சிரித்துக்கொண்டே, பாதி என்னைப் பார்த்துக்கொண்டே கட்டங்களை நிரப்பினாள். அந்தத் தாள்தான் ஃபாண்ட் ஆனது.

அண்ணன் அதற்கு வைத்த பெயர் 'ஜெபஷீலா'. கோயம்புத்தூரில் படிக்கும் அவர் மகள் பெயர். அந்தப் பெண்ணின் எழுத்தை நான் பார்த்திருக்கிறேன், கோழிக் கிறுக்கல். மாரீஸ்வரிக்குத் தீபாவளிக்கு ஒரு சேலை கூடுதலாகக் கிடைத்தது. "பேருல என்னக்கா இருக்கு" என்றாள். நானாக இருந்தால் அந்தச் சேலையை அண்ணன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருப்பேன்.

பென்டிரைவில் போகிற பொருளுக்கு ஏது வேலி. ஒரே வருஷத்தில் தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் ஜெபஷீலா இல்லாத கடையே இல்லை. திராட்சைப் பெட்டியின் மேலே 'நம்ம தோட்டத்துப் பழம்', இட்லிப்பொடிப் பாக்கெட்டில் 'வீட்டுப் பக்குவம்', ஜவுளிக்கடைப் பையில் 'மறுபடியும் வாங்க', பஸ் ஸ்டாண்டு சுவரில் செத்துப்போனவர் படத்துக்குக் கீழே 'நீங்காத நினைவுகளுடன்', எல்லாம் மாரீஸ்வரி எழுத்து. சின்ன அளவில் போட்டால் அது ஈ மொய்த்த மாதிரி ஆகிவிடும். செல் நம்பர் அதில் போடவே கூடாது, ஒன்றும் ஏழும் ஒன்றுபோல இருக்கும். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். தெரிந்தவர் எழுதின மாதிரி இருக்க வேண்டும், ஜனங்களுக்கு அது போதும். மாரீஸ்வரிக்கும் ஆரம்பத்தில் சந்தோஷம்தான். பஸ்ஸில் போகும்போது மகளுக்கு ஜன்னல் வழியாகக் காட்டுவாளாம்.

போன தை மாதம் பவானிக்குக் குச்சனூரில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு லோயர் கேம்ப் மின் நிலையத்தில் நிரந்தர வேலை. பூ வைத்துவிட்டார்கள். பத்திரிகையை நான்தான் அடிப்பேன் என்று நானே சொல்லி வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து மூன்று பெரியவர்கள் வந்தார்கள். கையில் ஒரு கவர். உள்ளே மொட்டைக் கடுதாசி.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைக் கலைப்பதற்கு இன்னும் அதுதான் வழி. போனில் அனுப்பினால் நம்பர் தெரிந்துவிடும். அதனால் பெயர் போடாமல், இடது கையால் எழுதியோ வெளியூரில் ஆள் பிடித்து எழுதியோ, தேனி தபால் பெட்டியில் போட்டுவிடுவார்கள். இந்தக் கடிதம் அரைப் பக்கம் இருந்தது. 'பவானி வேறு ஒருவரை விரும்புகிறாள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாது. உங்கள் மகன் வாழ்க்கை முக்கியம் என்றால் இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடுங்கள்.' இந்த ரீதியில் மரியாதையாகப் போனது.

கருத்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மருமகள் எழுதிக் கொடுக்கும் பலசரக்குச் சீட்டை வாரா வாரம் கடைக்குக் கொண்டு போகிறவர் அவர்தான். அந்த எழுத்தின் சாயல் அவருக்கு முகம் மாதிரி தெரியும். கடிதத்தைக் கையில் வாங்கினார். அடுப்படிக்குப் போய் ஆணியில் குத்தி வைத்திருந்த சீட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"இது என் மருமக எழுத்து" என்றார்.

வந்தவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சாய்வு அதே சாய்வு. கீழே இறங்கின 'ழ' அதே 'ழ'. படித்தவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. சுருளிராஜன் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மாரீஸ்வரியைப் பார்த்துக் கேட்டான்.

"நீயா எழுதுன?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல."

"பெறகு இது யாரு எழுத்து?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. இது ஃபாண்ட், கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரும் இதில் அடிக்கலாம் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே நொண்டிச்சாக்காகக் கேட்டதாம். இத்தனை வருஷத்தில் ஃபாண்ட் என்ற வார்த்தையை அந்த வீட்டில் அவள் சொன்னதே இல்லை. சம்பந்தம் முறிந்தது. அன்றைக்கே கருத்தம்மாள் சொல்லிவிட்டார், பவானிக்கு வேறு இடம் அமைந்து கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்கும் இவள் இந்த வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அங்கே இருப்பதால் பிள்ளை அங்கேயே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம். சுருளிராஜன் தடுக்கவில்லை.

மறுநாள் சின்னமனூரிலிருந்து வேலைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, பெரியவர்கள் விட்டெறிந்துவிட்டுப் போன கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"ஊரு என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போகுதுக்கா. அத்தையும் என்னமும் நெனச்சுக்கிறட்டும். அவுக ஒருத்தரு நம்புனாப் போதும், நான் இத எழுதலன்னு. அது போதும் எனக்கு."

புருஷன் நம்ப வேண்டும், அந்த ஒன்றுக்காகத்தான் அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம்.

கடிதத்தைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஜெபஷீலாதான். பதினாறு புள்ளி அளவு, வரிக்கு வரி இடைவெளி நன்றாக விட்டு அடித்திருந்தது. மனுஷக் கை ஒரே எழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது. மெஷின் மாற்றி எழுதாது. கடிதத்தை ஸ்கேன் பண்ணி, அதில் இருந்த 'க' எல்லாவற்றையும் வெட்டி வரிசையாக வைத்தோம். பத்தொன்பது 'க'. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மயிரிழை பிசகவில்லை. அவள் பையில் கிடந்த ஒரு பழைய பலசரக்குச் சீட்டில் இருந்த 'க'க்களையும் அதே மாதிரி வைத்தோம். ஒன்றுகூட இன்னொன்றோடு ஒட்டவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நானே பெரிய தாளில் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நிற்க வைத்தே கருத்தம்மாள் கேட்டிருக்கிறார். மாரீஸ்வரி தாளை விரித்துக் காட்டிப் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்.

"அப்ப கையால எழுதல, மெசினுல அடிச்சிருக்கு. அம்புட்டுத்தான? அந்த மெசினு முன்னாடி தெனமும் உக்காந்திருக்கிறது யாரு? நானா?"

சுருளிராஜன் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்றார்களாம். அவன் பைக் வாசலிலேயே நின்றிருக்கிறது. அதற்குப் பிறகும் பிள்ளையைப் பார்க்க வாரா வாரம் போனாள், அவன் கண்ணில் படவே இல்லை.

சரி, எந்தக் கடையில் அடித்தது என்று கண்டுபிடிப்போம் என்று நான் கிளம்பினேன். ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து அந்தம்மா முன்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்கு வெறி. கடிதத்தை இன்னும் பெரிதாக்கி எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். 'முக்கியம்' என்ற வார்த்தையில் கண் நின்றது. 'மு'வின் தலைக்கு மேலே பொடியாக ஒரு கோடு. 'முறித்துவிடுங்கள்' என்பதிலும் அதே கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். மாரீஸ்வரி எழுதின தாளை ஸ்கேன் பண்ணும்போது கட்டத்தின் கோடு கொஞ்சம் 'மு'வோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து சுந்தர்ராஜ் அண்ணன் அதைச் சுத்தம் பண்ணினார். வெளியே போனதெல்லாம் சுத்தம் பண்ணினது. என் கம்ப்யூட்டரிலும் அதுதான் இருக்கிறது. பழையது மாரீஸ்வரியின் கம்ப்யூட்டரில் மட்டும் கிடந்தது. 'மு' வந்தால் கோட்டைக் கையால் அழித்துக்கொள்வாள், மாற்றிக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவே இல்லை.

அப்படியென்றால் கடிதம் அடித்தது எங்கள் கடையில். அவளுடைய மேசையில்.

நான் அவளை ஒரு நிமிஷம் ஒரு மாதிரி பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும். ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளை நானே அப்படிப் பார்த்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. 'மு'வையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பவானி" என்றாள்.

எனக்கும் அப்போது ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் கல்லூரிப் ப்ராஜெக்ட் அடிக்க வேண்டும் என்று பவானி மூன்று நாள் கடைக்கு வந்தாள். நாங்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் மாரீஸ்வரியின் நாற்காலியில் உட்கார்ந்து தானே அடித்துக்கொண்டாள். போகும்போது எனக்குக் கடலைமிட்டாய்கூடக் கொடுத்தாள். சம்பந்தப் பேச்சு நடக்கும்போதே, பூ வைப்பதற்கு முன்னாலேயே அடித்து வைத்துக்கொண்டிருக்கிறது கழுதை. கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லை என்றதும் தபாலில் போட்டிருக்கிறது. தன்னைப் பற்றித் தானே மொட்டைக் கடுதாசி. கையெழுத்து மாதிரியும் இருக்க வேண்டும், தன் கையெழுத்தாகவும் இருக்கக் கூடாது. ஃபாண்ட் வரிசையில் தேடி அதற்குப் பொருத்தமாக ஒன்றை எடுத்துக்கொண்டாள். அது அண்ணிக்காரி தலையில் விடியும் என்று யோசித்திருக்க மாட்டாள் என்று மாரீஸ்வரி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"ஏண்டி, இப்பவே கெளம்பு. ஊரக் கூட்டிச் சொல்லு" என்றேன்.

"வேணாக்கா. சின்னப் புள்ள. அத்த அடிச்சே கொன்னுருவாக. மாமாகிட்ட மட்டும் சொல்றேன். அவுக நம்பிட்டா அவுகளே பாத்துக்கிருவாக."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் என் ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராகத் தோட்டத்துக்கு. சுருளிராஜன் பந்தலுக்குக் கீழே நின்று கொடியைக் கம்பியில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பக் கட்ட ஆரம்பித்தான். நான் வாய்க்கால் ஓரமாக நின்றுகொண்டேன். பேசுவது காதில் விழுகிற தூரம்தான்.

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். 'மு'வின் கோட்டைச் சொன்னாள். பவானி வந்த மூன்று நாளைச் சொன்னாள். கடிதத்தை விரித்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை.

"அத மடிச்சு வையி" என்றான்.

"ஒரு தடவ பாருங்க மாமா. பாத்தாத்தான் தெரியும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பவானிதான்னு. அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிருச்சு, அழுதுக்கிட்டே. அவுக வந்துட்டுப் போன அன்னிக்குப் பொழுது சாய."

மாரீஸ்வரி கடிதத்தை நீட்டின கையை அப்படியே வைத்திருந்தாள். அவன் கொடியை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பி, புரிய வைக்கிற மாதிரிப் பேசினான். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆற மாட்டேன் என்கிறது.

"கொமரிப் புள்ள தானே எழுதுச்சுன்னு வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா? ஒம்மேல போட்டா, மதினிக்காரி பொறாமையில எழுதிட்டான்னு போயிரும். புள்ளைக்கு ஒண்ணும் ஒட்டாது. அதுக்கு இன்னும் கலியாணம் ஆகணும். ஒனக்குத்தான் ஆயிருச்சுல்ல. ஒரு வருசம் ஒங்காத்தா வீட்டுல இரு. கூப்புடாமயா விட்டுருவேன்?"

வாய்க்காலில் இருந்த நான் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன். அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். அப்புறம் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுக்குப் பெறகு ஆறு ஞாயித்துக்கெழம வந்தேனே மாமா. வாசல்ல நின்டு அத்தகிட்ட அந்தத் தாள விரிச்சுக் காட்டுனேனே. நீங்க உள்ளதான இருந்தீக?"

அவன் குனிந்து கீழே கிடந்த சணலை எடுத்தான்.

"ஆத்தா இருந்தாகல்ல" என்றான்.

திரும்பி வரும்போது மாரீஸ்வரி அழவில்லை. தென்னந்தோப்பு தாண்டி, பாலம் தாண்டி, மெயின் ரோட்டுக்கு வரும் வரைக்கும் பின்னால் ஆள் இருக்கிற கனமே தெரியவில்லை. விழுந்துவிடப் போகிறாளோ என்று பயந்து வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அவுக நம்புனாப் போதும்னு கெடந்தேன்லக்கா" என்றாள். "மொதல் நாள்லருந்தே நம்பித்தான் இருந்திருக்காக."